கறுப்பினச் சிப்பாய்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தது யார்?

ஜனவரி 30 – இழையைத் தொடங்கிய கேள்வி

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துவருகிறேன். வடக்குப் படையில் சேர்ந்த கறுப்பின வீரர்களில் பெரும்பாலோர் அடிமைகளாக இருந்தவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், முகாமில் பள்ளி வைத்து ராணுவம்தான் அவர்களைப் படிக்க வைத்தது என்று ஒரு கட்டுரையில் பார்த்தேன். அப்படியானால் அந்தப் படிப்பு வெள்ளை அதிகாரிகளும் பாதிரியார்களும் கொடுத்த கொடைதானே? அவர்கள் மனசு வைக்காவிட்டால் இவர்களுக்கு எழுத்து எப்படி வந்திருக்கும்?

ஜனவரி 30, இரவு

"கொடை" என்ற சொல் உறுத்துகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வடக்குப் படையில் சேர்ந்த கறுப்பினத்தவர் சுமார் 1,79,000 பேர். கடற்படையில் இருந்தவர்கள் இந்தக் கணக்கில் சேராதவர்கள். இவர்களில் பெரும்பகுதி தெற்கு மாநிலங்களில் அடிமைகளாக இருந்தவர்கள், அங்கே அடிமைக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பது குற்றம். தென் கரோலினாவில் 1740லேயே எழுதக் கற்றுக்கொடுக்கத் தடை வந்துவிட்டது. 1834இல் படிக்கக் கற்றுக்கொடுப்பதையும் சேர்த்துத் தடுத்தார்கள். ஜார்ஜியாவிலும் வர்ஜீனியாவிலும் 1830ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதே போன்ற சட்டங்கள் வந்தன. எழுத்துக்கு இத்தனை காவல் போட்டவர்களுக்கு அதன் வலு என்ன என்று நன்றாகத் தெரிந்திருந்தது. காவலுக்கு உள்ளே அடைபட்டிருந்தவர்களுக்கும் அது தெரியாமலா இருந்திருக்கும்?

அடுத்தது ராணுவத்தின் தேவை. ஒரு கம்பெனியை, அதாவது படைப்பிரிவின் சிறு அணியை, நடத்துவதில் பாதி வேலை காகித வேலை. காலையில் ஆள் கணக்கு, நோயாளிப் பட்டியல், காவல் முறைப் பட்டியல், துணி, தோட்டா, ரொட்டிக் கணக்கு எல்லாம் சார்ஜென்ட் தலையில்தான் விழும். கறுப்பினப் படைப்பிரிவுகளில் உயர் அதிகாரிகள் கிட்டத்தட்ட எல்லோருமே வெள்ளையர்கள், ஆனால் சார்ஜென்ட்களும் கார்ப்பரல்களும் கறுப்பினத்தவர். அவர்களுக்கு எழுத்து தெரியாவிட்டால் அந்தக் கணக்கெல்லாம் கேப்டன் கையில் வந்து சேரும். அதனால் பல அதிகாரிகள் பள்ளி வைத்ததில் அவர்களுடைய சொந்த வசதியும் கலந்திருந்தது. நல்ல மனசு கொண்டவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக் கதை சொன்னால் பாதிக் கதைதான்.

தென் கரோலினாவின் முதல் தன்னார்வப் படையில் பிரின்ஸ் ரிவர்ஸ் என்று ஒரு சார்ஜென்ட் இருந்தார். பியூஃபோர்ட்டில் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அடிமை. முகாமில் நடந்ததை அன்றாடம் அறிக்கையாக எழுதித் தரும் அளவுக்கு இவருக்கு எழுத்து தெரியும் என்று அந்தப் படையை நடத்திய கர்னல் ஹிக்கின்சன் பதிவு செய்திருக்கிறார். முகாமுக்கு வருவதற்கு முன்பே எழுத்து தெரிந்தவர்களும் இருந்தார்கள் என்பதற்கு இவர் ஒருவர் போதும்.

ஜனவரி 31, காலை

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு திருத்தம். "அங்கே" என்று எழுதி, தெற்கு முழுவதும் சட்டத்தடை இருந்தது போல ஆக்கிவிட்டேன். அது தவறு. கென்டக்கி, டென்னசி, மேரிலாந்து மாநிலங்களில் அப்படி ஒரு சட்டம் இருந்ததில்லை. அங்கே தடுத்தது எஜமானரின் சவுக்கும் ஊராரின் மிரட்டலும். மிசூரியில் 1847இல்தான் சட்டம் வந்தது. கறுப்பினத்தவருக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுக்கப் பள்ளி நடத்தக் கூடாது, மீறினால் அபராதம் அல்லது சிறை.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், கென்டக்கியில் எலைஜா மார்ஸ் என்று ஒருவர். 1840இல் ஷெல்பி கவுன்டியில் அடிமையாகப் பிறந்தவர், சின்ன வயதிலேயே எழுத்து பழகியவர். போர் தொடங்கியதும் அந்தப் பக்கத்திலிருந்து படைக்கு ஓடிப்போனவர்கள் தங்கள் மனைவிமாருக்கு எழுதிய கடிதங்களை இவர் பெயருக்கே அனுப்பினார்கள். இவர் வாங்கிப் படித்துக் காட்டுவார். விஷயம் வெள்ளையர் காதுக்கும் எட்டி, ஆபத்து நெருங்கியது. 1864 செப்டம்பரில் 27 பேரைத் தன்னோடு திரட்டிக்கொண்டு லூயிவில் போய்ப் படையில் சேர்ந்தார். சேர்ந்த கையோடு சார்ஜென்ட், காரணம் அவருடைய எழுத்து. முகாமிலும் கடிதம் எழுதித் தரச் சொல்லிச் சிப்பாய்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

நீங்கள் கேட்டது ராணுவம் எழுத்து கொடுத்ததா என்று. மார்ஸ் விஷயத்தில் எழுத்துதான் ஆளை ராணுவத்துக்குக் கூட்டி வந்தது. கூடவே 27 பேரையும்.

பிப்ரவரி 1

62வது கறுப்பினக் காலாட்படைப் பிரிவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. மிசூரியில் திரட்டிய படை. நான் பத்து வருடமாகக் குடியிருக்கும் செயின்ட் லூயிஸில், பென்டன் பாரக்ஸ் முகாமில் 1863 டிசம்பரில் அமைத்தது. குளிர்காலத்தில் சரியான காலணிகூட இல்லாமல் நடந்து வந்து சேர்ந்தவர்கள். வந்த வேகத்திலேயே நோயில் பலர் செத்துப்போனார்கள். மிச்சமிருந்தவர்களை லூசியானாவுக்கு அனுப்பினார்கள்.

அங்கே 1864 ஜூலையில் ஓர் ஆணை. 1865 ஜனவரி முதல் தேதிக்குள் படிக்கக் கற்றுக்கொள்ளாத சார்ஜென்டும் கார்ப்பரலும் பதவி இழந்து சாதாரணச் சிப்பாயாகிவிடுவார்கள். இன்னோர் ஆணையில் பரிசு. ஒவ்வொரு கம்பெனியிலும் நன்றாக எழுதப் பழகிய சார்ஜென்டுக்குத் தங்கப் பேனா, சிப்பாய்க்கு நல்ல புத்தகம். சதுப்பு நிலமும் கொசுவும் காய்ச்சலுமாகக் கிடந்த இடத்தில் தங்கப் பேனாவுக்குப் போட்டி! இதைப் படித்ததிலிருந்து அந்தப் பேனா என் மனசை விட்டுப் போகவில்லை.

மூன்றாவது ஆணை வேறு மாதிரி. காசு வைத்துச் சீட்டாடிப் பிடிபட்டவனை முகாமில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் கையில் புத்தகத்தோடு நிற்க வைத்து, பாடம் ஒப்பிக்கும் வரை விடக் கூடாது. முரண்டு பிடித்தால் பட்டினி.

பிப்ரவரி 1, பின்னிரவு

மூன்றாவது ஆணையைச் சட்டென்று எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. படிப்பைத் தண்டனையாக்குவதைப் பெருமையோடு சொல்லிவிட்டேனோ என்று தோன்றுகிறது. நேற்று வரை எழுத்தைத் தொட்டால் அடி, இன்று தொடாவிட்டால் பட்டினி. இரண்டு பக்கமும் உத்தரவு போடுகிறவன் வெள்ளைக்காரன். ஒரு மனிதனுடைய ஓய்வு நேரத்துக்குக்கூட அதிகாரி சொந்தம் கொண்டாடுகிறான்.

ஆனாலும் இந்த ஆணையை வைத்து, அடித்துப் படிக்க வைத்தால்தான் படிப்பார்கள் என்று முடிவு கட்டினால் மற்ற சாட்சியங்கள் ஒத்துவராது. ஹிக்கின்சன் எழுதியிருப்பதைப் பாருங்கள். எழுத்துக்கூட்டும் புத்தகத்தின் மேல் அவர்களுக்கு இருக்கும் ஆசை தீரவே தீராது என்கிறார். இரவில் நெருப்பு வெளிச்சத்தில் தாங்களாகவே தடுமாறித் தடுமாறி, ஒன்றும் தெரியாதவருக்கு அரைகுறையாகத் தெரிந்தவர் சொல்லிக்கொடுத்து, பொறுமையாக உட்கார்ந்திருந்தார்களாம். அங்கே பட்டினி போடுவதாக யாரும் மிரட்டவில்லை.

பிப்ரவரி 3

சரி, அந்த நெருப்புக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி. "வெள்ளை அதிகாரிகளும் பாதிரியார்களும்" என்று நீங்கள் போட்ட பட்டியலில் இவருக்கு இடமில்லை.

சூசி கிங் டெய்லர். 1848இல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். சவன்னாவில் பாட்டியோடு வளர்ந்தார். உட்ஹவுஸ் என்ற கறுப்பின விதவை ஒருவர் வீட்டில் ரகசியமாகப் பள்ளி நடத்திவந்தார். பிள்ளைகள் புத்தகத்தைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போவார்கள், போலீஸ் கண்ணில் படக்கூடாது, வெள்ளையர் கண்ணிலும் படக்கூடாது. அப்படிப் படித்த பெண், 1862 ஏப்ரலில் குடும்பத்தோடு தப்பி வடக்குப் படையின் வசம் இருந்த தீவுகளுக்குப் போனார். பதினான்கு வயதுகூட நிரம்பவில்லை. எழுத்து தெரிந்த பெண் என்று கேட்டதும் அதிகாரிகளுக்கு ஆச்சரியம். பள்ளியை ஒப்படைத்தார்கள். பகலில் நாற்பது குழந்தைகள், இரவில் பெரியவர்கள்.

பிறகு சார்ஜென்ட் எட்வர்ட் கிங்கை மணந்து அவருடைய படையோடே போனார். ஈ கம்பெனிக்குத் துணி துவைத்தார், காயம்பட்டவர்களைக் கவனித்தார், துப்பாக்கி துடைத்தார். காவல் வேலை இல்லாத நேரத்தில் சிப்பாய்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். நான்கு ஆண்டுகளுக்கும் மேல். சம்பளம் ஒரு சென்ட்கூட வாங்கவில்லை என்று 1902இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார்.

கொடை என்ற சொல் இந்த இழையில் யாருக்காவது பொருந்துமென்றால் சம்பளமில்லாமல் உழைத்த இந்தப் பெண்ணுக்குப் பொருந்தும். அவருக்கு எழுத்து வந்த வழி உட்ஹவுஸ் அம்மாவின் வீடு. ராணுவம் அந்த வீட்டை அறிந்திருக்கவே இல்லை.

பிப்ரவரி 5

நேற்று அம்மாவோடு போனில் பேசும்போது இதெல்லாம் சொன்னேன். அம்மா 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தவர். ராத்திரியில் லாந்தரைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போவேன், எனக்கு ஒன்பது வயது. கல் குவாரியில் வேலை பார்த்துவிட்டு வந்த பெண்கள் தரையில் உட்கார்ந்து தங்கள் பெயரை எழுதிப் பார்ப்பார்கள்.

அம்மா கேட்ட முதல் கேள்வி: "அவுங்க சம்பளம் வாங்கையில கைநாட்டா, கையெழுத்தா?"

இத்தனை நாள் படித்திருந்தும் நான் அதை யோசிக்கவில்லை. அங்கே கைநாட்டு கிடையாது. எழுத்து தெரியாதவர் ஒரு பெருக்கல் குறி போடுவார், அதைச் சுற்றி "இவருடைய குறி" என்று எழுத்தர் எழுதுவார். அம்மா கேட்டபின் தேடினேன். 35வது கறுப்பினப் படைப்பிரிவின் கர்னல் ஜேம்ஸ் பீச்சரின் மனைவி பிரான்சஸ், காலை நேரங்களில் சிப்பாய்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவர். சேரும்போது குறி போட்டவர்கள் பின்னாளில் சம்பளப் பட்டியலில் தெளிவான கையெழுத்தில் பெருமையாகத் தங்கள் பெயரை எழுதியதை அவர் எழுதி வைத்திருக்கிறார்.

அம்மாவிடம் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னேன். "பேரு எழுத வந்துட்டா, அடுத்து கூலி எவ்வளவுன்னு படிச்சுப் பாப்பாங்க" என்றார். குவாரியில் நடந்தது அதுதானாம். பெயர் எழுதப் பழகிய மூன்றாம் மாதம் ஒரு பெண் கூலிச் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் சண்டைக்குப் போயிருக்கிறார்.

பிப்ரவரி 8

அம்மா சொன்ன அதே சண்டை அங்கேயும் நடந்தது.

வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், துணிக்குத் தனியாகப் படி. கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் துணிக்கென்று 3 டாலர் பிடித்துக்கொண்டு கையில் 7. மாசசூசெட்ஸின் 54வது படைப்பிரிவு அந்தச் சம்பளத்தைத் தொடவே மாட்டோம் என்று மறுத்து நின்றது. அந்தப் பிரிவில் வடக்கிலேயே சுதந்திரமாக வளர்ந்து படித்தவர்கள் நிறைய. அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹென்றி குடிங் என்ற கார்ப்பரல். 1863 செப்டம்பர் 28 அன்று நேராக லிங்கனுக்கே கடிதம் எழுதினார். நாங்கள் சிப்பாய்களா, கூலியாட்களா என்பதுதான் கேள்வி. நாங்கள் சிப்பாயின் கடமையைச் செய்திருக்கிறோம், சிப்பாயின் சம்பளம் ஏன் இல்லை? மரியாதை குறையாத கடிதம், ஆனால் ஒரு வரிகூடக் கெஞ்சவில்லை.

சம்பளத்தைச் சமமாக்கும் சட்டம் 1864 ஜூனில் வந்தது. குடிங் அதைக் கையில் வாங்கவில்லை. ஒலஸ்டி சண்டையில் பிடிபட்டு, ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் அந்த ஜூலையில் இறந்துபோனார்.

பிப்ரவரி 9

எழுத்து இல்லாதவர் குரல் எப்படிப் பதிவானது என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, பதில் சொல்லத்தான் மனசு கனக்கிறது.

கென்டக்கியில் கேம்ப் நெல்சன். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவர் படையில் சேர்ந்த இடம். 1864 ஜூலையில் ஜான் ஃபீ என்ற வெள்ளைப் பாதிரியார் அங்கே வந்து, சார்ஜென்ட்கள் தங்கள் அறிக்கையில் தாங்களே கையெழுத்துப் போடும் நிலை வர வேண்டும் என்று பள்ளி தொடங்கினார். நல்ல மனிதர். கறுப்பர் வெள்ளையர் இருவரும் சேர்ந்து படிக்க வேண்டும் என்று போருக்கு முன்பே கென்டக்கியின் பெரியா (Berea) என்ற ஊரில் பள்ளி நிறுவியவர்.

ஆனால் அதே முகாமில், அதே ஆண்டு நவம்பர் கடைசியில், சிப்பாய்களின் மனைவி மக்கள் சுமார் 400 பேரைக் கடுங்குளிரில் வெளியே துரத்தினார்கள். குடிசைகளை இடித்தார்கள், எரித்தார்கள். 102 பேர் இறந்தார்கள். கணவன் படையில், மனைவியும் பிள்ளையும் இன்னும் சட்டப்படி அடிமை, இதுதான் அப்போதைய நிலைமை. ஜோசப் மில்லர் என்ற சிப்பாயின் ஏழு வயது மகன் காய்ச்சலில் கிடந்தான். வண்டியில் ஏற்றக் கூடாது, செத்துவிடுவான் என்று மில்லர் மன்றாடினார். கேட்கவில்லை. மாலையில் அவர்களைத் தேடி ஆறு மைல் நடந்து போனபோது பிள்ளை இறந்து கிடந்தான். இரவே முகாமுக்குத் திரும்பி வந்து, மறுநாள் காலை மறுபடி நடந்து போய்த் தன் கையாலேயே குழி தோண்டிப் புதைத்தார்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? மில்லர் ஓர் அதிகாரி முன்னால் சத்தியம் செய்து வாக்குமூலம் கொடுத்தார். அந்தக் காகிதம் மேலே போனது. சிப்பாய்களின் மனைவி மக்களுக்கு விடுதலை தரும் சட்டம் 1865 மார்ச் 3 அன்று நிறைவேறியது. மில்லர் அதற்குள் இறந்துவிட்டார்.

பள்ளி நடந்த முகாமும் இதுதான், குடிசை எரிந்த முகாமும் இதுதான். ஃபீயைப் பற்றி எழுதும்போது மில்லரை விட்டுவிட என்னால் முடியவில்லை.

பிப்ரவரி 15

நேற்று காரை எடுத்துக்கொண்டு ஜெபர்சன் சிட்டி போய்வந்தேன். இரண்டு மணி நேரப் பயணம். 62வது பிரிவின் சிப்பாய்கள் பணம் போட்டுத் தொடங்கிய பள்ளிதான் இன்றைய லிங்கன் பல்கலைக்கழகம், அது அங்கே இருக்கிறது. வளாகத்தில் அந்தச் சிப்பாய்களுக்கு வெண்கலச் சிலைகளோடு நினைவிடம் இருக்கிறது. குளிர் காற்று முகத்தை அறுத்தது. யாருமில்லை. அரைமணி நேரம் நின்றேன்.

விஷயம் இதுதான். 62வது படைப்பிரிவு பிறகு டெக்சாஸுக்குப் போனது. 1865 மேயில் பல்மிட்டோ ராஞ்சில் நடந்த, போரின் கடைசிச் சண்டை எனப்படும் அந்தச் சண்டையில் அவர்களும் இருந்தார்கள். 1866 தொடக்கத்தில் கலைப்பு. விடைபெறும் உரையில் அந்தப் பிரிவின் கர்னல் பாரட் ஒரு கணக்கு சொன்னார் (ஒரே ஆள் இரண்டு மூன்று கணக்கில் வருவார்). அப்போது இருந்த 431 பேரில் 99 பேர் எழுத, படிக்க, கணக்குப் போடக் கற்றுவிட்டார்கள். 200 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும். 284 பேருக்குப் படிக்கத் தெரியும். 337 பேர் இரண்டு அசைச் சொற்களை எழுத்துக்கூட்டுகிறார்கள். எழுத்தே தெரியாதவர் பத்துப் பேருக்கு மேல் இல்லை.

இனி ஊருக்குப் போனால் என்ன? மிசூரியில் பள்ளி எங்கே இருக்கிறது? பாதியில் நிற்கும் படிப்பை எங்கே தொடர்வது? இந்தப் பேச்சு முகாமில் நடந்தது. ரிச்சர்ட் ஃபாஸ்டர் என்ற லெப்டினன்டிடம், நாங்கள் பணம் போடுகிறோம், நீங்கள் வந்து நடத்துவீர்களா என்று கேட்டார்கள். 62வது பிரிவிலிருந்து சேர்ந்தது 5,000 டாலர். 65வது பிரிவிலிருந்து மேலும் சுமார் 1,400. பள்ளி மிசூரியில் இருக்க வேண்டும், விடுதலையான கறுப்பினத்தவருக்காக இருக்க வேண்டும், படிப்போடு உழைப்பும் சேர வேண்டும், இவை நிபந்தனைகள்.

மாதம் 13 டாலர் வாங்கிய சாமுவேல் செக்ஸ்டன் என்ற சிப்பாய் 100 டாலர் கொடுத்தார். கிட்டத்தட்ட எட்டு மாதச் சம்பளம். 65வது பிரிவைப் பற்றி ஒன்று தெரிந்தால் அந்த 1,400இன் கனம் புரியும். லூசியானாவில் சண்டையே பார்க்காமல் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் 750 பேருக்கு மேல் அந்தப் பிரிவில் இறந்தார்கள். மிச்சமிருந்தவர்கள் போட்ட பணம் அது.

ஃபாஸ்டர் ஜெபர்சன் சிட்டியில் இடம் தேடினார். வெள்ளையர் தேவாலயம், மாணவர்கள் கறுப்பர் என்று மறுத்தது. கறுப்பினத்தவர் தேவாலயம், ஆசிரியர் வெள்ளையர் என்று மறுத்தது. கடைசியில் ஒரு குன்றின் மேல் இடிந்த பழைய பள்ளிக் கட்டடம். 1866 செப்டம்பர் 17, பேய் மழை, வழியில் ஓடை பெருக்கெடுத்து ஓடுகிறது. வந்திருந்த மாணவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேரை வைத்துத் தொடங்கினார்.

பிப்ரவரி 16

ஒரு சின்னத் திருத்தம். 5,000 டாலரும் சிப்பாய்கள் போட்டது என்று படிக்கும்படி எழுதிவிட்டேன். வெள்ளை அதிகாரிகளின் பங்கும் அதில் உண்டு, பெரும்பகுதி சிப்பாய்களுடையது. உங்கள் முதல் கேள்விக்கு இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஃபாஸ்டர் இல்லாமல் அந்தப் பள்ளி எழும்பியிருப்பது கடினம். ஜனவரியில் நான் எழுதியபோது அதிகாரிகளின் வசதியை மட்டும் அழுத்திச் சொன்னேன். இப்போது கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். ஃபாஸ்டருக்குப் பதவி முடிந்துவிட்டது, படையும் கலைந்துவிட்டது, அவருக்கு அறிக்கை எழுத எந்தச் சார்ஜென்டும் தேவையில்லை. ஆனாலும் வந்தார். சிப்பாய்கள் கேட்டார்கள், அவர் வந்தார். யார் கேட்டது, யார் வந்தது என்ற அந்த வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

பிப்ரவரி 20

போருக்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. 1866 ஜூலையில் வந்த சட்டம் கறுப்பினத்தவருக்கு ஆறு நிரந்தரப் படைப்பிரிவுகளை அமைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு படைப் பாதிரியார், சிப்பாய்களுக்குப் பாடம் நடத்துவதும் அவர் கடமை என்று சட்டத்திலேயே எழுதினார்கள். 1869இல் ஆறு நான்கானது.

அப்படி வந்த பாதிரியார்களில் ஒருவரை மட்டும் சொல்கிறேன். ஆலன் ஆலன்ஸ்வொர்த். 1842இல் லூயிவில்லில் அடிமையாகப் பிறந்தவர். எழுத்து பழகினார் என்பதற்காகப் பன்னிரண்டு வயதில் தாயிடமிருந்து பிரித்து வேற்றூருக்கு அனுப்பினார்கள், பிறகு தெற்கே விற்றார்கள். போரின்போது தப்பி வந்து கடற்படையில் சேர்ந்தார். 1886இல் 24வது காலாட்படைப் பிரிவின் பாதிரியார். நியூ மெக்சிகோவில் ஃபோர்ட் பயார்ட் முகாமில் பள்ளி நடத்தி, வகுப்பு வகுப்பாகப் பாடத்திட்டம் எழுதி 1889இல் அச்சிட்டார். எழுத்துக்காக விற்கப்பட்ட பையன் படைக்குப் பாடத்திட்டம் எழுதினார்.

பிப்ரவரி 23

இன்று ஞாயிறு. பென்டன் பாரக்ஸ் இருந்த இடத்துக்குப் போனேன். இப்போது அது ஃபேர்கிரவுண்ட் பூங்கா. குளத்தில் ஓரமாகப் பனிக்கட்டி, இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒரு மருத்துவமனை இருந்தது. 1864 செப்டம்பர் 3 அன்று, வாத நோயோடு கட்டிலில் கிடந்த ஸ்பாட்ஸ்வுட் ரைஸ் என்ற சிப்பாய் இங்கிருந்து இரண்டு கடிதம் எழுதினார்.

ஒன்று தன் மகள்கள் கோராவுக்கும் மேரிக்கும். பயப்படாதீர்கள், உயிரைக் கொடுத்தாவது உங்களை மீட்பேன் என்று. இன்னொன்று மேரியைச் சொந்தமாக வைத்திருந்த கிட்டி டிக்ஸ் என்ற பெண்ணுக்கு. என் பிள்ளையை நானே திருடப் பார்த்தேன் என்று சொன்னாயாம், தன் சதையையும் ரத்தத்தையும் ஒருவன் திருடுவதாகக் கடவுள் வைக்கவில்லை, இனி நீயும் நானும் எங்கே பார்த்துக்கொண்டாலும் எதிரிகள். எழுத்துப்பிழை மலிந்த கடிதம்தான், ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை. அதைப் படித்துப் பதறிய டிக்ஸ் குடும்பத்துக்காரர் ஒருவர், இந்த ஆளை மாநிலத்தை விட்டே அனுப்புங்கள் என்று தளபதிக்கு மனுப் போட்டார். அந்த மனுவோடு சேர்ந்து போனதால்தான் ரைஸின் கடிதங்கள் அரசு ஆவணத்தில் தங்கின.

இவருக்கு எழுத்து எங்கே வந்தது? மேரி அதைச் சொல்லியிருக்கிறார். 1937இல், 85 வயதில், இதே செயின்ட் லூயிஸில் ஒரு நேர்காணலில். எஜமானரின் மகன் அப்பாவுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தானாம். எஜமானருக்கு அதில் தாங்க முடியாத கோபம். ஏனென்றால் விடுதலை அறிவிப்பை அப்பா மற்ற அடிமைகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினார், கேட்டவர்களுக்கு வந்த சந்தோஷத்தில் அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

அந்த நேர்காணலில் மேரி இன்னொன்றும் சொல்கிறார். தனக்கு ராணுவத்து ஆட்களைப் பிடிக்கும் என்று. அப்பா, சகோதரன், கணவன், மகன் நாலு பேருமே படையில் இருந்தவர்களாம்.